மூன்றாவது சுருள்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். உங்கள் ரத்தக் கொதிப்பும் அண்ணியின் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

மூன்று வருஷமாக வாய் திறக்காதவள் எழுதுகிறாளே, என்ன காரியம் ஆக வேண்டுமோ என்று நினைப்பீர்கள். காரியம்தான். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை வந்துவிடும். கடிதம் என்றால், திட்டுவதற்கு முன் நீங்கள் மூக்குக் கண்ணாடியைத் தேட வேண்டும், அதற்குள் கோபம் கொஞ்சம் ஆறும்.

அவர் ஆறு வருஷம் கொப்பரையில் நின்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். கச்சா எண்ணெய் சுத்திகரித்து மிஞ்சும் அந்தக் கருங்கசடு, நாம் பிட்ச் என்போமே, அது கொதிக்கும் புகை அவர் நெஞ்சில் குடியேறிவிட்டது. வெயில் பட்டால் முகத்தோல் எரிகிறது. இருமினால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிறார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இன்னும் ஒரு வருஷம் அந்தப் புகையில நின்னா ஆளு மிஞ்ச மாட்டாரும்மா" என்றார்.

நான் இங்கே ஆபீஸ் அறைகளைப் பெருக்கப் போகிறேன், அதனால் மேனேஜர் காலைப் பிடித்து அவருக்கு வேறு வேலை கேட்டேன். புதிதாக ஒரு காற்றுச் சூளை போட்டிருக்கிறார்கள். பிட்ச்சிலிருந்து இழுத்த இழையை அதில் காற்றில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்தி, பிறகு பெரிய உலைக்கு அனுப்பிக் கரியாக்க வேண்டும். அதை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள், சும்மா இல்லை. மூன்று சுருள் உங்கள் சோதனை அறைக்கு வரும். ஒன்று தேறினாலும் சூளை நிற்கும், அவரும் அதிலேயே இருப்பார். மூன்றும் தேறாவிட்டால் சூளையை மூடிவிட்டு அவரைக் கொப்பரைக்கே அனுப்புவார்கள்.

முதல் சுருளோடு இந்தக் கடிதத்தை வைக்கிறேன். தயவு கேட்கவில்லை அண்ணா. ஒழுங்காகச் சோதியுங்கள், அது போதும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு அண்ணனின் ஆசிகள்.

என் கொதிப்பு மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது. உன் அண்ணி எதற்கும் அடங்கவில்லை. நீ எழுதினாய் என்றதும் "எதுக்காம்?" என்றாள். அவளும் உன்னை நன்றாகத்தான் புரிந்து வைத்திருக்கிறாள்.

சுருள் தேறவில்லை.

உனக்குத் தெரியாத சோதனையா? நடுவில் பொந்து வெட்டிய அட்டையில், தலைமுடியைவிட மெல்லிய ஒற்றை இழையைக் குறுக்கே வைத்து இரு முனையிலும் பொட்டுப் பசை. அட்டையை மிஷினின் இரண்டு பிடிகளில் மாட்டி, ஓரங்களைக் கத்தரித்துவிட்டால் இழை மட்டும் தனியே நிற்கும். பிறகு அறும்வரை இழுப்பது. வேண்டிய பலத்தில் பாதியைக்கூட உன் வீட்டுக்காரரின் இழை தாங்கவில்லை. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பும் சம்பந்தி மாதிரி, மிஷின் தொட்டதுமே சிலது போய்விட்டது.

கொப்பரை கிளறியவரைச் சூளைக்கு முன்னால் உட்கார வைத்தால் வேறென்ன நடக்கும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உன் வீட்டில் யாராவது மிஷின் கோணல் என்று சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், மிஷின் நேராகத்தான் இருக்கிறது.

நீ உட்கார்ந்து இழை ஒட்டிய மேஜை காலியாகவே கிடக்கிறது. அதன் பிறகு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி தும்மியே எல்லா இழையையும் பறக்கவிட்டாள், இன்னொருத்தி அழுதுகொண்டே போனாள். இப்போது நானே ஒட்டுகிறேன். உன் கை மாதிரி ஒரு கையை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தக் கையை எவனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாய் என்பது வேறு விஷயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபின் இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகச் சூடாக இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. பசை ஓரத்தில் அறுந்தால் அது இழையின் குற்றமில்லை, ஒட்டியவரின் குற்றம், அதைக் கணக்கில் சேர்க்காதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். இவருடைய இழைகளில் பிடியோரம் அறுந்தவை எத்தனை? அவற்றைத் தள்ளினீர்களா, சேர்த்தீர்களா? ஊரார் சுருள் வந்தால் தள்ளுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மேஜையில் எட்டு வருஷம் உட்கார்ந்தவள் நான்.

உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "விடு. மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். மனுஷன் இப்படி இருந்தால் யார்தான் தலையில் ஏற மாட்டார்கள்? அவருக்காக நான்தான் கத்த வேண்டியிருக்கிறது.

எங்கள் கல்யாணத்துக்கு வராததற்கு அன்றைக்கு ஆடிட்டிங் என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை யார் ஆடிட் செய்தார்கள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அந்தக் கோபத்தை இழையில் காட்டாதீர்கள். என்னைத் திட்டுங்கள், தாங்கிக்கொள்கிறேன்.

இரண்டாவது சுருள் மார்ச் முதல் வாரம் வரும். அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


மார்ச் 22

தங்கைக்கு,

இங்கே சுகம்.

பிடியோரம் அறுந்தவை எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத்தான் கணக்குப் போட்டேன். போன தடவையும், இந்தத் தடவையும். போதுமா?

இரண்டாவது சுருளும் தேறவில்லை. இதில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரித்தால் உடைந்தது, பிரிக்காவிட்டால் அது இழையே இல்லை. சூளையில் அவசரமாகச் சூடேற்றினால் இழை இளகி இப்படித்தான் ஒட்டும். என்னைக் கேட்பதற்குப் பதிலாக வீட்டுக்குள்ளேயே கேள்.

இழை எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை என்றால், உங்கள் மேனேஜர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிச் சுருள் இருக்குமே, அதைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல். நான் இழுத்து, நான் பதப்படுத்தி, நான் கையெழுத்துப் போட்டது. ஒவ்வொரு கிளைக்கும் ஒன்று அனுப்பினோம். இன்றுவரை ஒருவனும் அதை எட்டவில்லை.

இன்னொரு விஷயம். நீ வந்து இரண்டு வாரம் இங்கே இருந்துவிட்டுப் போயேன். மேஜை இருக்கிறது. கொஞ்சம் வேலை தேங்கிக் கிடக்கிறது. அண்ணியும் கேட்டாள். வழிச்செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். சீக்கிரம் எழுது.

அண்ணன்


ஏப்ரல் 4

அண்ணாவுக்கு,

இங்கே சுகமில்லை. அவருக்கு இருமலில் நேற்று ரத்தம் வந்தது. கொப்பரையை விட்டு நாலு மாதம் ஆகியும் இந்த லட்சணம். மறுபடி அங்கே போனால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கில் புலியாயிற்றே.

வந்து இரண்டு வாரம் இருக்க வேண்டுமாம்! அவர் சுருளை இரண்டு தடவை தள்ளிய கைக்கு, நான் வந்து பசை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். இதற்குப் பெயர் அழைப்பா? அவரைத் தனியாக விட்டுவிட்டு வந்துவிடு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்பதுதானே உங்கள் எண்ணம்? நான் வரவில்லை. மேஜைக்குத் தூசு தட்டி வையுங்கள், அதுவே பெரிய உபகாரம்.

உங்கள் எழுத்து ஏன் இப்படிக் கோழி கிளறியது மாதிரி இருக்கிறது? மாலையில் ஒரு கிளாஸ் என்பது இப்போது காலையிலும் ஆகிவிட்டதா? அண்ணி பாவம்.

தங்கை


மே 11

அன்புள்ள அண்ணா,

என் போன கடிதத்துக்குப் பதில் போடாததிலிருந்தே உங்கள் மனசு புண்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. வாய் என்னுடையது, அதை அடக்கத்தான் யாரும் சொல்லித் தரவில்லை. மன்னித்துவிடுங்கள். உங்கள் கொதிப்பு ஏறாமல் இருக்க வேண்டும், அண்ணியும் நடமாட்டமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது சுருளை இதோடு அனுப்புகிறேன். கடைசிச் சுருள். அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு கட்டியிருக்கிறது. எப்போதும்போல நீங்களே உங்கள் கையால் ஒட்டி, நீங்களே இழுத்து, நீங்களே எழுதி அனுப்புங்கள். வேறு யாரையும் தொடவிடாதீர்கள். நீங்கள் என்ன சொன்னாலும் அதுதான் முடிவு, நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

என்றும் உங்கள் தங்கை


ஜூன் 2

அன்புத் தங்கைக்கு,

உன் மனசு மாறியதில் சந்தோஷம். அண்ணியிடம் படித்துக் காட்டினேன், "உங்க தங்கச்சியா எழுதினா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

ஆனால் நான் எழுதப்போவது சந்தோஷமான விஷயமில்லை. மூன்றாவதுதான் மூன்றிலும் மோசம். முதல் சுருள் தாங்கியதைக்கூட இது தாங்கவில்லை. பிடியோரம் அறுந்தவற்றை இந்தத் தடவையும் தள்ளிப் பார்த்துவிட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. சான்றிதழில் கையெழுத்துப் போட்டு உங்கள் மேனேஜருக்கு அனுப்பியாயிற்று.

அவரவர்க்கு எது வருமோ அதைத்தான் செய்ய வேண்டும். கொப்பரைதான் அவருக்கு விதி என்றால் நாம் என்ன செய்ய? முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு நிற்கச் சொல். பின்னால் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், நம் வீட்டில் உன் அறை அப்படியே இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உன்னை வீதியில் விட்டுவிட மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 6

அண்ணா,

உனக்கு இனிமேல் நீங்கள், வாங்கள் எல்லாம் கிடையாது.

மூன்றாவது சுருள் அவருடையது இல்லை. உன்னுடையது. மேனேஜர் அறைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்த மாதிரிச் சுருளில் கொஞ்சம் பிரித்து, வேறொரு கட்டையில் சுற்றி, அவர் சீட்டை அவிழ்த்து அதில் கட்டி அனுப்பினேன். பெருக்குவதற்கு அந்த அறைச் சாவி என்னிடம்தான் இருக்கும். இன்றுவரை ஒருவனும் எட்டாத உன் இழையைத்தான், மூன்றிலும் மோசம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய்.

உன் இழையைக் குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வட்டத்தில் ஒரு பிளவு வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். வேறு யார் இழையிலும் அது கிடையாது. நீயே பெருமையாகக் காட்டுவாய். ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் மாட்டியிருக்க மாட்டாய். பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், சீட்டில் அவர் பெயர் இருக்கும்போது?

முதல் இரண்டையும் இப்படித்தான் தள்ளியிருப்பாய். ஒரு மனுஷனின் நுரையீரலை வைத்துத் தங்கை மேல் வஞ்சம் தீர்க்கிறவன் அண்ணனா? சுருள் மாறிய கதை, யார் மாற்றியது என்பதை மட்டும் விட்டுவிட்டு, பெயரில்லாத கடிதமாக உன் சான்றிதழின் நகலோடு கம்பெனிப் பெரியவருக்குப் போயிருக்கிறது. இன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். மூன்று வருஷத்தில் இப்படிப் பசித்ததில்லை.

அண்ணி பாவம், அவளை மட்டும் கேட்டதாகச் சொல்.


ஜூன் 24

தங்கைக்கு,

பெரியவர் நேற்று வந்து போனார். என்னை அறையைப் பூட்டச் சொல்லவில்லை. புதிதாக ஒருவன் வருகிறான், அடுத்த மாதக் கடைசிவரை அவனுக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷ வேலை. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்தது.

மூன்றாவது சுருளை நான் சோதிக்கவில்லை. உண்மைதான். சுருளைப் பிரித்தேன், இழையை எடுத்தேன். ஒட்ட முடியவில்லை. பிப்ரவரிக் கடைசியிலிருந்து எனக்கு வலக்கை நடுங்குகிறது. இரண்டாவது சுருளுக்கே நாள் முழுதும் மல்லாடினேன். மூன்றாவதுக்குள் சுத்தமாகப் போய்விட்டது. எதை எடுத்தாலும் அட்டைக்குப் போவதற்குள் உடைந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. உன் அண்ணி காபி டம்ளரைப் பாதி நிரப்பித் தருகிறாள், ஒன்றும் கேட்பதில்லை. இரண்டு தடவை தேறாதவன் மூன்றாவதில் என்னத்தைத் தேறப்போகிறான் என்று ஒரு எண்ணைப் போட்டு எழுதிவிட்டேன். அது அயோக்கியத்தனம். ஒப்புக்கொள்கிறேன்.

உன்னை இரண்டு வாரம் கூப்பிட்டது எதற்கு என்று இப்போது புரிகிறதா? நான் எழுதும்போது குடித்திருக்கவில்லை.

ஆனால் முதல் இரண்டையும் ஒழுங்காகத்தான் சோதித்தேன். அவருக்குச் சாதகமாகவே கணக்குப் போட்டேன். நீ நம்ப மாட்டாய். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

பெரியவர் அடுத்து உங்கள் ஊருக்கு வருகிறார். சுருளில் இருந்த சீட்டில் யார் கையெழுத்து என்பதை ஒரு தடவை யோசித்துப் பார். நீ மாற்றிக் கட்டியது உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?

அண்ணன்


ஜூலை 16

மச்சானுக்கு வணக்கம். அக்காவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்தில் பிழை இருந்தால், புகையில் கண் கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியது அவளுக்குத் தெரியாது, தபாலில் போட்ட பிறகு சொல்லிக்கொள்வேன்.

பெரியவர் வந்தார். என் சீட்டைக் காட்டி, "இந்தக் கையெழுத்து யாரோடது?" என்று கேட்டார். நான் அதுவரை ஒன்றும் தெரியாமல் நின்றவன். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் நானே முந்திக்கொண்டு, "நான்தாங்கய்யா மாத்தினேன்" என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிப் பெட்டிச் சுருளைத் திருடியதாக அவள் மேல் போலீசுக்குப் போனால் நான் எங்கே அலைவேன்? அவர் அதிகம் பேசவில்லை. மூன்று வாய்ப்பும் முடிந்தது, சூளையை மூடு, வேலை வேண்டுமென்றால் இவன் கொப்பரைக்குப் போகட்டும் என்றார். போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு வெளியில் எவன் எனக்கு வேலை தருவான்?

இப்போது உங்களிடம் ஒரு உண்மை. முதல் இரண்டு சுருளும் மோசம்தான். உங்கள் மேல் தப்பில்லை. ஷிப்ட் முடிவதற்குள் சுருள் கைக்கு வர வேண்டும் என்று மேனேஜர் விரட்டினார், நான் சூட்டைச் சடசடவென்று ஏற்றிவிட்டேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்காக உங்களோடு அப்படி மல்லுக்கு நின்றாள் மச்சான். ஜென்மத்தில் எனக்காக யாரும் அப்படிக் கத்தியதில்லை. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் மூன்றாவதை நான் அவசரப்படாமல் செய்தேன். மேனேஜர் கத்தட்டும் என்று விட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. உலையிலிருந்து வந்ததும் கையில் எடுத்துப் பார்த்தேன், பட்டு மாதிரி வளைந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாள் என் பெண்டாட்டி. போகட்டும்.

போர்வை எடுக்கப் போனபோது அலமாரியில் துணிக்கடியில் அது கிடந்தது. அதை அனுப்புகிறேன். உங்கள் கை இருக்கும் நிலைமை தெரியும், அவள் அழுதுகொண்டே சொன்னாள். முடிந்தால் சோதித்து, தேறியதா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். அதனால் சூளை திரும்ப வராது, தெரியும். கொப்பரைக்கு முன்னால் நிற்கும்போது நினைத்துக்கொள்ள ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் கைக்கு வைத்தியம் பாருங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


ஆகஸ்ட் 1

தங்கைக்கு,

இது உன் வீட்டுக்காரருக்கு எழுத வேண்டிய பதில். உனக்கு எழுதுகிறேன். காரணம் படித்தால் தெரியும்.

நேற்று எனக்கு அந்த அறையில் கடைசி நாள். காலையிலேயே போய் உன் மேஜையில் உட்கார்ந்தேன். மணிக்கட்டுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து, இடக்கையால் வலக்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். கட்டுக் கட்டாக உடைந்தது. புதிதாக வந்தவன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "சார், விட்டுருங்க சார்" என்றான். விடவில்லை. சாயங்காலத்துக்குள் ஐந்து இழைதான் அட்டையில் முழுசாக நின்றது. ஐந்தையும் இழுத்தேன்.

ஐந்தும் தேறிவிட்டது. தேறியது என்பது சின்ன வார்த்தை. ஐந்தும் என் மாதிரிச் சுருளைத் தாண்டிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் மிஷினின் முள் அந்த இடத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை. மிஷின் கெட்டுவிட்டதோ என்று தெரிந்த எடையைத் தொங்கவிட்டும் பார்த்தேன். மிஷின் சரியாக இருந்தது.

புதியவன், "நம்பர் பிரமாதம் சார்" என்றான். பிறகு தயங்கித் தயங்கி, "ஆனா அஞ்சே அஞ்சு இழை. அதுவும் நீங்க ஒட்டினது" என்றான். நீயே ஒட்டிப் பாரேன் என்றேன். மூடிய சூளையின் சுருளைத் தொட்டால் தன் வேலை போகும் என்றான். நல்ல பையன்தான். பெரியவருக்குப் போன் செய்தேன். நான் யார் என்று சொன்னதுமே வைத்துவிட்டார். என் வாயிலிருந்து வருவதை இனி எவன் நம்புவான்? அந்த வாய்க்குப் பூட்டுப் போட்டவள் நீதான். மே மாதம் நீ இந்தச் சுருளை அனுப்பியிருந்தால் நான் சோதித்திருக்க மாட்டேன், அதுவும் உண்மை. ஆனால் அது சோதனை அறைப் பெட்டியில் இருந்திருக்கும். என் கை நடுக்கம் எத்தனை நாள் மறைந்திருக்கும், எப்படியும் புதியவன் வந்திருப்பான், ஜூலையில் செய்தது போலவே பழைய சுருள்களைத்தான் முதலில் எடுத்துத் திரும்பச் சோதித்திருப்பான். உன் வீட்டுக்காரர் இன்றைக்குச் சூளைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

முதல் இரண்டு சுருளும் மோசம்தான் என்று அவரே எனக்கு எழுதியிருக்கிறார். அவசரமாகச் சூடேற்றினாராம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்லிவிட்டேன். எனக்கும் ஒரு நாள் வயிறாரச் சாப்பிட வேண்டாமா?

இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். உடம்பைப் பார்த்துக்கொள். அவர் உடம்பையும்.

அண்ணன்


ஆகஸ்ட் 9

அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

கடிதம் வந்தபோது அவர் ஷிப்ட்டில் இருந்தார். இரண்டு தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து கொப்பரையில் நிற்கிறார். நீங்கள் முன்பு எழுதினீர்களே, ஈரத்துணி, அதைத்தான் கட்டி அனுப்புகிறேன். சாயங்காலம் அவிழ்த்தால் அவர் மூச்சு பட்ட இடம் மட்டும் கறுப்பாக இருக்கிறது. இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார். டாக்டரிடம் போகலாம் என்றால், "அவரு சொன்னதையேதான் திரும்பச் சொல்லுவாரு" என்கிறார்.

வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "மச்சான்கிட்டேருந்து ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பார். முந்தாநாள்வரை இல்லை என்றேன், அது நிஜம். நேற்றும் கேட்டார். "வந்துச்சு. சுருளைப் பிரிக்கவே இல்லையாம். குப்பையில போட்டுட்டாராம்" என்று சொன்னேன்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "சரி விடு. எப்படியும் தேறியிருக்காது" என்றார். பிறகு என்னைத் தேற்ற வேண்டும் என்று நினைத்து, உங்கள் கோபத்தைப் பற்றி ஏதோ வேடிக்கை சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போதே இருமல் வந்துவிட்டது. முதல் இரண்டு சுருளைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் நிம்மதிக்காகத்தான் மறைத்தேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். உங்களிடம் அந்தப் பொய் எடுபடாது. அவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது அண்ணா. இன்னும் ஒரு வருஷமோ, அதற்கும் குறைவோ. அதுவரைக்கும் அந்தப் பார்வை எனக்கு வேண்டும்.

அதனால் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அவருக்கு எழுதாதீர்கள். அவர் எழுதினாலும் பதில் போடாதீர்கள். சுருளைக் குப்பையில் போட்டவர் நீங்களாகவே இருந்துவிடுங்கள்.

கையை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை